நாற்காலி அடுக்குவது மட்டும்தான் ஊழியமா?

கேள்வி:

ஐயா, ஆறு மாதங்களுக்கு முன் என்னை எங்கள் சபையின் செயலராகத் தெரிந்தெடுத்தார்கள். எனக்கு வயது 34. குழுவில் இருக்கிற எல்லாரையும்விட இளையவன். பொறுப்பேற்ற அன்று, "இயேசு சீஷர்களுடைய கால்களைக் கழுவியதுபோல நீயும் தாழ்மையாய் ஊழியம் செய்" என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். அன்றிலிருந்து ஆராதனைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்க் கதவைத் திறக்கிறேன், நாற்காலிகளைப் போடுகிறேன், முடிந்த பிறகு அவற்றை அடுக்கிப் பூட்டிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

பிரச்சினை வேறு. ஏழைக் குடும்பங்களுக்கான உதவி நிதியை மூத்த சகோதரர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தனியாகக் கவனித்து வருகிறார். எட்டு மாதமாகக் கணக்குக் காட்டவில்லை. உதவி கேட்டுப் போன இரண்டு விதவைகள் வெறுங்கையோடு திரும்பியதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். கணக்கைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "பதவி வந்தவுடன் தாழ்மை போய்விட்டதா? அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று வேதம் சொல்கிறது" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஊழியக்காரனாக இருக்க வேண்டியவன் அதிகாரத்தைப் பயன்படுத்தலாமா? விட்டுக்கொடுத்துப் போவதுதான் கிறிஸ்தவமா?

— ஒரு சபைச் செயலர்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி அடுக்குவது நல்ல காரியம். ஆனால் ஆறு மாதமாக வாரந்தவறாமல் நீங்கள் அதைச் செய்து வருவதற்குத் தாழ்மை மட்டும்தான் காரணமா? நாற்காலி திருப்பிப் பேசாது. "என்னையா சந்தேகப்படுகிறாய்?" என்று கேட்காது. கணக்குக் கேட்கப் போகும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அந்த வழியாகப் போனவன்தான். போதகப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு சபையில் கழிப்பறை கழுவுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வாளியும் துடைப்பமுமாக நான் நிற்பதைப் பார்த்து நாலு பேர் நெகிழ்ந்துபோனார்கள். அந்த நெகிழ்ச்சி எனக்கு இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஓராண்டு கழித்து, ஞாயிறு பள்ளி நடத்திவந்த ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். பிள்ளைகள் உட்கார ஓர் அறை வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று முறையும் "ஜெபிப்போம் அம்மா" என்று அனுப்பிவைத்திருந்தேன். காரணம், பூட்டிக் கிடந்த அந்த அறையின் சாவி சபையில் செல்வாக்குள்ள ஒருவரிடம் இருந்தது. அந்த அம்மா சொன்னார்: "ஐயா, கழிப்பறையை நாங்கள் கழுவிக்கொள்வோம். நீங்கள் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அது எங்களால் முடியாது, உங்களால்தான் முடியும்." துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அதைக் கேட்டேன். கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய பதிலில் பெரும்பகுதி அந்த அம்மா சொன்னதிலேயே இருக்கிறது.

கால்களைக் கழுவிய காட்சியை உங்களுக்கு உதாரணமாகக் காட்டினார்கள் அல்லவா? யோவான் 13ஆம் அதிகாரத்தை நாம் வழக்கமாகத் துண்டும் தண்ணீர்ப் பாத்திரமும் வருகிற வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை அறிந்துதான் இயேசு பந்தியை விட்டு எழுந்தார் என்கிறது 3ஆம் வசனம். தமக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் குனிகிறார். அடுத்து பேதுரு தடுக்கிறார். "சரி, உனக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுகிறேன்" என்று அவர் நகர்ந்துபோகவில்லை. கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார். உடனே பேதுரு மறுகோடிக்குப் போய், கையையும் தலையையும்கூடக் கழுவும் என்கிறார். அதற்கும் அவர் இணங்கவில்லை. செய்வது வேலைக்காரனுடைய வேலை. ஆனால் எதைக் கழுவுவது, எதுவரை கழுவுவது என்ற தீர்மானம் பேதுருவின் கைக்குப் போகவே இல்லை.

12ஆம் வசனம் எனக்கு மிகவும் பிடித்தது. கழுவி முடித்தவுடன் தம் வஸ்திரங்களைத் தரித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். போதகருக்குரிய இடத்தில்தான் உட்கார்ந்தார். போதகர் என்றும் ஆண்டவர் என்றும் என்னை அழைக்கிறீர்கள், நீங்கள் சொல்வது சரியே என்றும் சொன்னார். அன்று கழுவப்பட்டவற்றில் யூதாசின் கால்களும் உண்டு. காலைக் கழுவியாகிவிட்டதே, இனி எப்படி வாய் திறப்பது என்று இயேசு தயங்கவில்லை. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று அதே பந்தியில் வெளிப்படையாகச் சொன்னார். உங்களை வாழ்த்தியவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, இயேசு எதைத்தான் தடுத்தார்? வலது பக்கமும் இடது பக்கமும் உட்கார இடம் கேட்டு யாக்கோபும் யோவானும் வந்தபோது, மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வந்தது. (அவர்களுக்கும் அந்த இடங்களின்மேல் ஒரு கண் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.) புறஜாதியாரின் அதிபதிகள் தங்கள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது என்றார் இயேசு. அன்று அதைக் கேட்டவர்களில் ஒருவரான பேதுரு, பிற்பாடு சபை மூப்பர்களுக்கு எழுதிய நிருபத்தில் அதே கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் "இறுமாப்பாய்" என்றே வருகிறது. ஆனால் அதே மூச்சில், மந்தையைக் கண்காணிப்புச் செய்யுங்கள் என்றும் பேதுரு கட்டளையிடுகிறார். அவலட்சணமான ஆதாயம் வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். கண்காணிக்கிறவனுக்குக் கண் வேண்டும், அந்தக் கண் கணக்குப் புத்தகத்தின்மேலும் பட வேண்டும்.

இடையில் ஒரு சொல்லைப் பற்றி. "ஊழியக்காரன்" என்றால் வேலைக்காரன். புதிய ஏற்பாட்டில் இதற்கு வருகிற கிரேக்கச் சொற்களில் ஒன்று பந்தி பரிமாறுகிறவனைக் குறிக்கும். இன்னொன்று அடிமை என்றே பொருள்படும். நம் பேச்சிலோ "அவர் பெரிய ஊழியக்காரர்" என்று சொல்லும்போது நாம் எழுந்து நிற்கிறோம்! இது நம்மோடு தொடங்கிய வியாதியுமில்லை. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசரான முதலாம் கிரெகோரி, தேவனுடைய ஊழியர்களுக்கு ஊழியன் என்று தம்மைக் குறிப்பிட்டுக்கொண்டார். அவருக்குப்பின் அதே பட்டத்தை ஏந்தியவர்களில் படை நடத்தியவர்களும் உண்டு. ஆகவே ஒருவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவரால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது என் வழக்கம்.

அப்படிப் பார்க்க நெகேமியா புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏழைகள் நிலத்தையும் திராட்சத்தோட்டங்களையும் அடைமானம் வைத்து, கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். வட்டி வாங்கியவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்த ஜனத்தின் பிரபுக்கள். கேள்விப்பட்டதும், யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியாவுக்கு மிகுந்த கோபம் வந்தது. வந்த கோபத்தோடு ஓடவில்லை. மனதிலே ஆலோசனை பண்ணினார். அதற்குப் பிறகுதான் பிரபுக்களை நேரில் கடிந்துகொண்டார், சபையைக் கூட்டினார், நிலங்களை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். அவர்கள் சம்மதித்த பின்னும் வெறும் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடவில்லை. ஆசாரியர்களை அழைத்து ஆணையிடச் செய்தார். அதிகாரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் பாருங்கள்.

அதே மனிதர் அதே அதிகாரத்தில் தமக்கு வந்ததை என்ன செய்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது. அவருக்கு முன்பிருந்த அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் அவற்றோடு 40 வெள்ளிச் சேக்கலும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கள்கூட ஜனங்களை அதிகாரம் பண்ணினார்களாம். (பெரியவருடைய ஆள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.) நெகேமியாவோ பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் படியைத் தொடவில்லை. இத்தனைக்கும் அவருடைய பந்தியில் அன்றாடம் 150 பேர் இருந்தார்கள். தமக்கு வரவேண்டியதைக் கேட்காமல் விட்டவர், ஏழைக்கு வரவேண்டியதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட விடவில்லை.

விட்டுக்கொடுப்பதுதான் கிறிஸ்தவமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான்: உங்களுடையதை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள். மரியாதை, முன்வரிசை, மேடையில் உங்கள் பெயர், யாராவது உங்களைத் தவறாகப் பேசினால் பதில் சொல்லும் உரிமை, எல்லாவற்றையும். அந்த இரண்டு விதவைகளின் பங்கு உங்களுடையது இல்லையே தம்பி. அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இனி அந்த "அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள்" வசனம். இதைக் கேட்டு வாயடைத்துப்போனவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சங்கீதம் 105இல் வருகிறது. யாரை யார் தொடக்கூடாது என்று அங்கே சொல்லப்படுகிறது? தொகையில் கொஞ்சமாக, பரதேசிகளாக, ஜாதிக்கு ஜாதி அலைந்து திரிந்த முற்பிதாக்களைப் பற்றிய பேச்சு அது. அவர்களை ஒடுக்க ஒருவருக்கும் இடங்கொடாமல், அவர்கள் நிமித்தம் தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பது முந்தின வசனம். பலமுள்ளவன் பலமில்லாதவன்மேல் கை வைக்காதபடி போட்ட வேலி அது. அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து பலமுள்ளவரைச் சுற்றி நட்டிருக்கிறார்கள்.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின்மேல் கை போட மாட்டேன் என்று தாவீது சொன்னதையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். தாவீது சவுலைக் கொல்ல மறுத்தார், அவ்வளவுதான். சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துவைத்துக்கொண்டு, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னவரும் தாவீதே. பிறகு அந்தத் தாவீதே அபிஷேகம்பெற்ற ராஜாவாக இருந்து தவறியபோது, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல நாத்தான் தீர்க்கதரிசி அனுப்பப்பட்டார். இன்னொன்றும் உண்டு. யோவானின் முதலாம் நிருபத்தின்படி விசுவாசிகள் எல்லாரும் அபிஷேகம் பெற்றவர்கள். அந்த இரண்டு விதவைகளும் அதில் அடக்கம். அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு வாதாடுவதானால், அவர்கள் பக்கத்திலிருந்தும் வாதாடலாம்.

ஆனால் இதையெல்லாம் அந்த மூத்தவரிடம் போய் ஒப்பிக்காதீர்கள். வசனத்துக்கு வசனம் எறிவதில் யாரும் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததாக நான் கண்டதில்லை. அவர் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கவும் உங்களிடம் ஆதாரமில்லை. பல ஆண்டுகளாக ஒரே ஆள் பார்க்கிற கணக்கில் பெரும்பாலும் நடப்பது வேறு. ரசீதுகள் ஒரு பையில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மாதம் எழுதாமல் விட்டால் மூன்றாவது மாதம் பார்க்கவே பயமாக இருக்கும். அந்தப் பயத்தை மூடிமறைக்கக் கோபம் வரும். உதவி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியதுகூட, பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கே தெரியாததால் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எப்படியானாலும் கணக்குத்தான் அவரைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.

போவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, உங்கள் கையில் புழங்குகிற சபைப் பணத்துக்கான கணக்கை, அது எவ்வளவு சிறிய தொகையானாலும், எழுதி முடித்து வையுங்கள். ஜனங்களைக் கண்டிப்பதற்கு முன் சாமுவேல் தீர்க்கதரிசி அவர்கள்முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு அநியாயம் செய்தேன், சொல்லுங்கள் என்று கேட்டார். இரண்டு, போதகரிடம் பேசி, எல்லா நிதிகளின் கணக்கும் அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கப்படும் என்று தீர்மானித்து, தேதியையும் குறித்துவிடுங்கள். அப்போது இது உங்கள் இருவருக்குள்ள வழக்காக ஆகாது.

பிறகு அவரிடம் தனியாக, உட்கார்ந்து, ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: "ஐயா, உங்களைச் சந்தேகித்து நான் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லாக் கணக்குகளும் வைக்கப்படுகின்றன. முதலில் என்னுடையதை வைக்கிறேன். உங்களுடையதை எழுதி முடிக்க ஒத்தாசை வேண்டுமானால், நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்." அதற்குமேல் விளக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள். தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

இதை ஜெபக்கூட்டத்தில் "ஒரு சகோதரருக்காக ஜெபிப்போம், பெயர் சொல்ல விரும்பவில்லை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பரவுகிற செய்தியைப்போல வேகமாகப் பரவுவது வேறொன்றுமில்லை.

கூட்டத்தில் அவர் கணக்கு வைக்க மறுத்தால், அது குழுவின் காரியம். மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடுதான் ஏற்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளும்படி அடுத்த வசனத்திலேயே எழுதுகிறார். முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் குழுவில் இருப்பார்கள், தயாராகப் போங்கள். பணம் உண்மையிலேயே காணாமற்போயிருந்தால், தணிக்கையாளரும் சட்டமும் இருக்கின்றன. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைப்பதற்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கு வந்துவிட்டாலும் வேலை முடியாது. அந்த நிதி இனி ஒருவர் கையில் இருக்கக்கூடாது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உதவி பகிர்ந்து கொடுப்பதில், விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. முறுமுறுப்பது பாவம் என்று பன்னிருவரும் பிரசங்கம் பண்ணவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியின் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் அதை நான் வாசிக்கிறேன். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோதும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவையும் வேறு இரண்டு சகோதரரையும் அந்தக் காரியத்துக்கென்று அனுப்பினார். அவர்களில் ஒருவர் சபைகளே நியமித்த ஆள். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பவுலைவிட நம்பத்தகுந்தவர் உங்கள் குழுவில் யாராவது இருந்தால், அவரிடம் மட்டும் தனியாகக் கொடுத்து வையுங்கள்.

மூன்று பேர் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது அந்த விதவைகள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒரு பெண்ணாக இருக்கட்டும். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். அந்த மூத்தவர் ஒழுங்காகக் கணக்கு வைத்துவிட்டால் மூவரில் ஒருவராக அவரும் தொடரட்டும். எந்தக் குடும்பத்தில் என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதெல்லாம் நல்லபடியாக முடிந்தால், "தம்பி துணிச்சலானவர்" என்று நாலு பேர் சொல்வார்கள். அது துடைப்பத்தைவிட இனிக்கும். அப்போது உங்களைக் கேள்வி கேட்கிற ஒருவர் வேண்டும். உங்கள் மனைவியின் காதில் அந்த இரண்டு பேருடைய குறை விழுந்தது, உங்கள் காதில் விழவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உங்களிடம் நேரே வந்து சொல்ல அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஆராதனை முடிந்தவுடன் நீங்கள் நாற்காலிகளோடு மும்முரமாக இருந்திருப்பீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த இரண்டு சகோதரிகளிடமும் போய் உட்காருங்கள். அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது, எப்போது கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொகை எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள், கூட்டத்தின் தேதியைச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு மறுநாளே பதில் கொண்டுவருவோம் என்று சொல்லுங்கள், கொண்டுபோங்கள். அன்றைக்கு நாற்காலிகளை வேறு யாராவது அடுக்கட்டும்.